ஐந்தாவது கட்டம்

ஜனவரி 20

இன்று வெப்பமானிக் கூண்டைப் பிரித்துவிட்டார்கள். கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நாலடி உயரத்தில் நின்ற வெள்ளை மரக் கூண்டு. ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் இருபத்தேழு ஆண்டுகள் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து வெப்பநிலை பார்த்து, பக்கத்தில் இருக்கும் மழைமானியையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். இயற்பியல் துறையில் இதற்காக எனக்கு ஒரு பாடவேளைகூடக் குறைத்ததில்லை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழு வருவதற்குள் அந்த இடத்தில் பூந்தொட்டி வைக்கப்போகிறார்களாம்.

"இப்பல்லாம் போன்லயே டெம்பரேச்சர் வந்துருதே சார்" என்றார் முதல்வர் முருகானந்தம்.

என்னைவிட ஆறு வயது இளையவர். 2011இல் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த ஒன்பது நாளும் கூண்டின் பக்கமே போகாமல் பதிவேட்டை நிரப்பிவைத்தவர். தென்காசி முழுக்கச் சாரல் அடித்த வாரம் அது. மழைக் கட்டத்தில் ஒன்பது நாளும் சுழியம். நான் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். புகார் ஒரு கோப்புக்குள் போனது. அவர் துறைத் தலைவராகி, பிறகு முதல்வரும் ஆனார். நான் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

இரண்டு வெப்பமானிகளையும் இருபத்தேழு பதிவேடுகளையும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இதெல்லாம் எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி வடிவு.

"அலமாரி மேல."

இன்று நாங்கள் பேசியது இவ்வளவு.

ஜனவரி 22

வடிவு பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பிள்ளைகள் பரீட்சை அட்டையால் விசிறியிருக்கிறார்கள். தலைமையாசிரியை போன் செய்ததால் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து நேராக மகப்பேறு மருத்துவர் ரெஜினாவிடம்.

டாக்டர் கேள்விகளை அவளிடம்தான் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா வந்துச்சு?"

"போன வருஷம் ஜனவரி ஒம்பது."

"அப்போ முழுசா பன்னெண்டு மாசம் ஆச்சு. இதத்தான் மெனோபாஸ்னு சொல்றோம். சூடா ஏறுதா?"

"நெஞ்சுல இருந்து ஏறுது டாக்டர். முகம், காது, மண்டைன்னு. உலை மூடியத் திறந்தாப்புல குப்புன்னு அடிக்கும். ரெண்டு மூணு நிமிஷம். பெறகு வேர்த்து ஊத்திக் குளிருது. ராத்திரி ரெண்டு தடவ நைட்டி மாத்துதேன்."

"மறதி?"

"நேத்து பிதாகரஸ் தேற்றம் பாதியில நின்னு போச்சு. இருபத்தஞ்சு வருஷமா நடத்துதேன்."

"எரிச்சல்?"

"அது இவருகிட்ட மட்டும்."

டாக்டர் சிரித்தார். பிறகு வறட்சி, வலி என்று வேறு ஒன்றும் கேட்டார். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். "அதுக்கு அவசியமே வரல டாக்டர், ஏழெட்டு வருஷமா" என்று வடிவு சொன்னது காதில் விழுந்தது.

டாக்டர் சொன்னவற்றை மறக்காமலிருக்க எழுதிவைக்கிறேன். சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மூளையில் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி இல்லாத சூட்டை இருப்பதாக நினைத்து வேர்க்கவைக்கிறது. பழுதான வெப்பமானி என்று எடுத்துக்கொண்டேன். இது நோய் அல்ல, ஆனால் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டியதும் அல்ல. ஹார்மோன் சிகிச்சைதான் சூட்டுக்கு நன்றாகக் கேட்கும். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே கொடுக்க வேண்டும்; தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துவிடும். மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்களுக்கும் கூடாது. வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. தினமும் நடக்க வேண்டும், எலும்புக்காகக் கனம் தூக்க வேண்டும், பருத்தி உடுத்த வேண்டும், கொதிக்கக் கொதிக்கக் காப்பி கூடாது. அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருந்தது. அதைச் சரிசெய்து, மார்பகப் பரிசோதனையும் முடித்துக்கொண்டு ஏப்ரல் இரண்டாம் தேதி வரச் சொன்னார். அதற்குள் தினமும் நிரப்ப ஓர் அட்டவணை. சூடு, வேர்வை, தூக்கம், மனநிலை, ரத்தப்போக்கு என்று ஐந்து கட்டங்கள்.

"இந்த அஞ்சாவது கட்டம் முக்கியம். ஒரு சொட்டு பட்டாலும் எழுதணும், உடனே வரணும். வருஷம் முடிஞ்ச பெறகு ரத்தம் வந்தா அது மாதவிலக்கு கெடையாது. என்னன்னு பாக்காம நான் ஹார்மோன் குடுக்க மாட்டேன்."

"எனக்கு நேரமில்ல டாக்டர், பப்ளிக் பரீட்சை வருது. இவரு எழுதுவாரு. நான் ரத்தத்துல கெடந்தன்னைக்கே மழை எவ்வளவுன்னு எழுதப் போன மனுஷன்."

டாக்டர் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். 2003 நவம்பரில் ஐந்தாம் மாதத்தில் வடிவுக்குக் கலைந்தது. அதன் பிறகு தங்கவில்லை. இந்தப் பேச்சை இருபது வருடங்களுக்கு மேலாகக் கேட்கிறேன். இதற்கு நான் பதில் சொன்னதில்லை.

ஜனவரி 23

அட்டவணை தொடங்கினேன். நான்கு முறை. நான் கூடத்தில் படுக்கிறேன். அவளுடைய அறை விளக்கு சுவிட்சின் சத்தத்தை வைத்து இரவு நேரங்களைக் குறிக்கிறேன்.

ஜனவரி 26

செண்பக மதினி வந்திருந்தார். அண்ணனின் மனைவி. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. சோபாவில் உட்காரவே பிடிமானம் வேண்டியிருந்தது.

"ஏட்டி வடிவு, இனி என்னால பானையத் தூக்க முடியாது பாத்துக்க. முட்டிய மாத்தணும்ங்கான் டாக்டர்."

எங்கள் குலசாமி சுனையடி சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று அங்கே எத்தனை குடும்பம் பொங்கினாலும் முதல் பானைதான் சாமிக்குப் போகும். சுனையில் தண்ணீர் மொண்டு, பானையைத் தலையில் வைத்து ஏறி வந்து அடுப்பில் ஏற்றுகிறவளுக்கு விலக்கு நின்று ஒரு வருடம் நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளா என்றெல்லாம் கேட்பதில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். எடுத்தவள் உடம்பில் தெம்பு இருக்கும்வரை விடமாட்டாள். அம்மா பதினெட்டு வருடம். மதினி பதினொரு வருடம்.

"கஸ்தூரிக்கா இருக்காங்களே" என்றாள் வடிவு. பெரியப்பா மகனின் மனைவி.

"அவ போன வருஷத்துல இருந்தே கேட்டுக்கிட்டுதான் இருக்கா. முறைக்கு நீதான் முன்னால. ஒனக்கு வருஷம் நெறஞ்சுதா?"

"இந்த ஒம்பதாம் தேதியோட நெறஞ்சுது."

"நல்லா எண்ணுனியாட்டி?"

"கணக்கு டீச்சர்ட்டப் போய்க் கேக்கீங்களே அக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது. இந்தக் குடும்பத்தில் ஒரு வளைகாப்பிலும் வடிவை முன்னால் வந்து வளையல் போடச் சொன்னதில்லை. பந்தி பரிமாறச் சொல்வார்கள். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான்.

சூடு மூன்று முறை. மனநிலைக் கட்டத்தில் "நன்று" என்று எழுதினேன்.

பிப்ரவரி 1

புதிய தாள். ஐந்தாவது கட்டத்தில் மாதம் முழுவதற்கும் "இல்லை" என்று எழுதி முடித்தேன். இருபத்தெட்டு இல்லைகள். தினமும் போய்க் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. வேலை மிச்சம்.

பிப்ரவரி 5

மாலை ஆறு மணிக்கு எவர்சில்வர் குடத்தில் பாதி தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கிறாள். கனம் தூக்கச் சொன்னது டாக்டர்தானே என்கிறாள். கையை விட்டுவிட்டு நடக்கப் பழகுகிறாள். இரண்டு முறை நனைந்தாள்.

பிப்ரவரி 9

கொண்டுவந்த வெப்பமானியை அவள் அறை வாசலில் மாட்டியிருந்தேன். பதினேழு நாள் கணக்கைப் பார்த்தேன். அறையின் வெப்பநிலைக்கும் அவளுக்கு ஏறும் சூட்டுக்கும் தொடர்பே இல்லை. அதிகாலை 23.6இல் வேர்க்கிறது. ஒரு வருடமாக மின்விசிறியை ஐந்தில் வைத்தது என்னை அந்த அறையிலிருந்து விரட்டுவதற்காக என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று தெரிகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

காப்பியை ஆற்றிக் குடிக்கிறாள். பகல் சூடு இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது.

பிப்ரவரி 15

ரத்த அழுத்தம் 130/84. மார்பகப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. மதினி போனில், "பட்டுப்பொடவ எடுக்காத, முதப் பானைக்குக் கோடிச் சேலதான், மஞ்சத்தண்ணியில நனைச்சது" என்று சத்தமாகச் சொல்வது கூடம்வரை கேட்டது.

பிப்ரவரி 24

சாயங்காலம் பூசை அறையில் விளக்கை என்னை ஏற்றச் சொன்னாள்.

"முட்டி வலிக்கி. குனிய முடியல."

குடம் எடுத்து நடக்கவும் இல்லை. துவைத்த துணியை மட்டும் மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டு வந்தாள். திங்கட்கிழமையில் அவள் துவைப்பது வழக்கமில்லை.

பிப்ரவரி 25

இன்றும் நானே ஏற்றினேன். திரி எண்ணெயில் சாய்ந்து அணைந்தது. அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "தூண்டி விடுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொன்னாள். உள்ளே வரவில்லை.

கடைக்குப் போய்விட்டு ஒரு கருப்புப் பையோடு வந்தாள். பக்கத்துக் கடையை விட்டுப் பேருந்து நிலையம்வரை போயிருக்கிறாள்.

பிப்ரவரி 26

சிவராத்திரி. வருடம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் போகவில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள் கிடக்கிறதாம். நானே விளக்கு ஏற்றினேன். கோயில் ஒலிபெருக்கி இங்கே கேட்கிறது. கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 27

காலையில் தலைக்குக் குளித்தாள். விளக்கை அவளே ஏற்றினாள். முட்டி வலி போய்விட்டது.

மார்ச் 1

பிப்ரவரித் தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். மார்ச் தாளில் ஐந்தாவது கட்டத்துக்கு வந்தேன். முப்பத்தொரு முறை எழுத வேண்டும். எழுதினேன்.

மார்ச் 6

ஆய்வுக் குழு வந்து போனது. முருகானந்தம் அவர்களிடம் கல்லூரிக்கு இருபத்தேழு ஆண்டு வானிலைப் பதிவுகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிவேட்டைக் கேட்டு அலுவலக உதவியாளரை வீட்டுக்கு அனுப்பினார். எலி கடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்ன பொய்களில் இது நன்றாக இருந்தது.

மார்ச் 8

தண்ணீர் முக்கால் குடம். கையை விட்டு நாலு சுற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை. எதிர்வீட்டு மாடியில் இருந்த பெண் கைதட்டினாள்.

மார்ச் 12

எனக்குப் பிப்ரவரி 24ஆம் தேதியே தெரியும். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்று இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அந்தத் தாள்ல எதுவும் மாத்தணுமா?"

"எந்தத் தாளு?"

"பிப்ரவரி."

மாவை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன மாத்தணும்?"

"டாக்டர் சொன்னாங்கல்லா. ஒரு சொட்டுன்னாலும்..."

கிரைண்டரை நிறுத்தினாள்.

"எனக்கு எண்ணத் தெரியும். அது பழைய மிச்சம் என்னமாவது இருக்கும். இப்ப சொன்னா மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும். கஸ்தூரிக்கா கைக்குப் பானை போச்சுன்னா இருவது வருஷத்துக்கு எறக்க மாட்டா. நல்ல தெம்புல்லா அவளுக்கு. ஏப்ரல் பதினொண்ணு, உத்திரம் வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. இத்தன வருஷம் கேக்காம இருந்தீங்கல்லா, இன்னும் ஒரு மாசம்."

"சரி" என்றேன்.

கிரைண்டர் மறுபடி ஓடியது.

மார்ச் 13

இரண்டு முறை. தூக்கம் ஐந்து மணி நேரம்.

மார்ச் 19

கருப்பை உட்சுவர் பற்றிக் கல்லூரி நூலகத்தில் உயிரியல் பிரிவில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். மாதவிடாய் முற்றுப்பெற்ற பின் வரும் ரத்தத்துக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். பத்தில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் குறைவானவர்களுக்குப் புற்று. பத்தில் ஒன்று என்பது இயற்பியலில் புறக்கணிக்கக்கூடிய அளவு அல்ல. புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்தேன்.

மார்ச் 28

கோடிச் சேலையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். மாடி முழுக்க மஞ்சள் வாசம்.

ஏப்ரல் 2

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் மூன்று தாள்களையும் மேசையில் விரித்தார். "சார் எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காரு பாருங்க. அடித்தல் திருத்தல் ஒண்ணு இல்ல" என்று நர்ஸிடம் காட்டினார். பிறகு வடிவைப் பார்த்தார்.

"சூடு கொறைஞ்சிருக்கு, ஆனா தூக்கம் இன்னும் சரியில்ல. பி.பி. நல்லாருக்கு. ஹார்மோன் ஆரம்பிச்சிரலாமா?"

"ஆரம்பிக்கலாம் டாக்டர்."

"ரத்தம் எதுவும் படலல்ல?"

"இல்ல டாக்டர்."

"தாளும் அதத்தான் சொல்லுது." டாக்டர் ஐந்தாவது கட்டத்தை மேலிருந்து கீழே பேனாவால் தடவிக்கொண்டு வந்தார். இல்லை, இல்லை, இல்லை. அத்தனையும் என் கையெழுத்து. பிறகு மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

பதிவேட்டில் ஒரு விதி உண்டு. தவறான அளவை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஆயிரம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"அந்தத் தாளை ஒரு நிமிஷம் குடுங்க டாக்டர்" என்றேன்.

பிப்ரவரி 24, 25, 26. மூன்று கோடுகள். பக்கத்தில் "உண்டு". மூன்று ஒப்பங்கள். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"இதெல்லாம் மாசத் தொடக்கத்துலயே மொத்தமா எழுதினது டாக்டர். கேட்டு எழுதல."

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்தார். வடிவு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

உள்ளே கூட்டிப்போய் ஸ்கேன் செய்தார்கள். உட்சுவர் பதினொரு மில்லிமீட்டர். நான்குக்குள் இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

ஆட்டோவில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒம்பது நாள். ஒம்பது நாள் பொறுத்திருக்கலாம்."

அவள் சொன்னது சரிதான். ஒன்பது நாளில் அந்தத் திசுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மாத்திரை இன்றே தொடங்கியிருக்கும். அடுத்த முறை ரத்தம் வந்தால் மாத்திரையால் என்று சொல்லிக்கொள்வாள். நானும் "சரி" என்றிருப்பேன்.

ஏப்ரல் 3

வடிவு மதினிக்குப் போன் செய்தாள். முட்டி வலி என்று சொல்வாள் என நினைத்தேன்.

"அக்கா, பானையக் கஸ்தூரிக்காட்டக் குடுத்துருங்க... இல்ல, எங்களுக்குள்ள சண்டல்லாம் ஒண்ணுமில்ல. மாசியிலயே எனக்கு ரத்தம் பட்டுட்டு. மூணு நாளு... ஆமா, மறைச்சுட்டேன்... சரிக்கா. வைக்கேன்."

மாடிக்குப் போய்ச் சேலையை எடுத்து வந்து மடித்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து, கணக்கு நோட்டுப் போல.

ஏப்ரல் 5

திசு எடுத்தார்கள். இருபது நிமிடம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, "சார், அம்மா கையப் பிடிச்சுக்க யாராவது இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாங்க" என்றாள்.

உள்ளே போனேன். வடிவு கண்ணை மூடியிருந்தாள். கையைக் கொடுக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தாள். நான் அதே கம்பியை இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 7

சூடு ஆறு முறை. என்னோடு பேசவில்லை. கட்டங்களை நிரப்ப முடிகிறது, ஐந்தாவதைத் தவிர. அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். நாங்கள் போகவில்லை. வெப்பநிலை 8.30க்கு 29.8.

ஏப்ரல் 12

மதினி பொங்கலோடு வந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தும் யாரும் சாப்பிடவில்லை.

"கஸ்தூரி நல்லாத்தான் தூக்குனா. ஆனா என்ன பேச்சு, என்ன பெருமை! சாஸ்தாவே எந்திரிச்சு வந்து வாங்கிக்கிட்டாப்புல."

வடிவு லேசாகச் சிரித்தாள். மதினி என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுக்களைப் பக்கம் போனேன். ஆனால் கேட்டது.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாத. பானை எடுத்த நாலாவது வருஷம் எனக்கும் பட்டுச்சு. ஒரே நாளு. சாமிட்ட மன்னாப்பு கேட்டுட்டுத் தூக்கிட்டேன்."

"அக்கா!"

"பெறகு ஒண்ணும் வரல. போன மாசம்தான் மறுபடியும் லேசா."

"டாக்டர்ட்டக் காட்டுனீங்களா?"

"முட்டி டாக்டர்ட்ட இதப் போயி எப்படிச் சொல்ல?"

பிறகு வடிவின் குரல். வகுப்பில் கேட்கும் குரல்.

"பதினஞ்சாந்தேதி எனக்கு ரிசல்ட்டு. நீங்க எங்கூட வாரீங்க. ஒண்ணும் பேசாதீங்க. வாரீங்க."

ஏப்ரல் 15

புற்று இல்லை. உட்சுவர் தடிப்பு. இப்போது கெடுதல் இல்லாத வகை, விட்டுவைத்தால் கெடக்கூடியது. ஆறு மாதம் புரோஜெஸ்டிரோன் மாத்திரை, பிறகு மறுபடி திசுச் சோதனை. சூட்டுக்கு ஹார்மோன் இல்லாத வேறொரு மாத்திரை இரவில். அட்டவணையைத் தொடர வேண்டும்.

"சார் அன்னைக்கு அடிச்சுத் தந்தது நல்லதாப் போச்சும்மா" என்றார் டாக்டர்.

வடிவு, "இவங்களக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று மதினியை முன்னால் தள்ளினாள். மதினிக்கும் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். மதினி வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவள் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார்.

ஏப்ரல் 16

கல்லூரிக்குப் போகவில்லை. அலமாரி மேலிருந்து 2003ஆம் ஆண்டுப் பதிவேட்டை இறக்கினேன். நவம்பர் 19. வெப்பநிலை 26.8. மழை 14.2 மி.மீ. என் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அன்று எட்டரை மணிக்கு நான் கூண்டின் அருகே இல்லை. எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். விடியற்காலையில் அவளைக் கூட்டிப்போன மதினி உள்ளே இருந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தியபோது ஓர் ஆயா மூடி போட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அது எங்களுடையதுதானா என்று தெரியாது. அதற்கு மேல் கால் வரவில்லை. மத்தியானம்வரை சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றேன். மழை பெய்தது. மறுநாள், தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை நினைவில் வைத்துப் பதினாலு புள்ளி இரண்டு என்று எழுதினேன். புள்ளி இரண்டு நம்பும்படி இருப்பதற்காக.

எட்டு வருடம் கழித்து இன்னொருவன் மேல் இதே குற்றத்துக்குப் புகார் எழுதினேன். நான்கு பக்கம்.

சாயங்காலம், இரண்டு எண்களின் மேலும் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி ஒப்பமிட்டேன். நிமிர்ந்தபோது வடிவு காப்பி டம்ளரோடு பின்னால் நின்றிருந்தாள். தேதியைப் படித்துவிட்டாள்.

"அப்ப அன்னைக்குக் காலேஜுக்குப் போகலியா?"

"இல்ல."

"எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல."

"எவ்வளவு நேரம்?"

"எட்டுல இருந்து பன்னெண்டு."

அவள் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். கணக்கின் விடை புத்தகத்தில் வேறாக இருக்கும்போது பார்ப்பது போல.

"உள்ள வரல."

"வரல."

"இவ்வளவு வருஷமும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

காப்பியை மேசையில் வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்து சிவந்தது, காது சிவந்தது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக வந்தது. முந்தானையால் துடைக்காமல் அப்படியே இருந்தாள்.

"எழுதுங்க. ஆறு இருவது."

இதுவரை நேரத்தை அவள் சொன்னதில்லை. அட்டவணையை எடுத்து எழுதினேன். சூடு, 6.20. வேர்வை, உண்டு. தூக்கம், நேற்று ஐந்தரை மணி நேரம்.

"மனநிலை?" என்றேன்.

"சரியில்ல."

எழுதினேன். பேனா ஐந்தாவது கட்டத்தில் நின்றது.

"ரத்தம்?"

"இல்ல" என்றாள்.

"இல்லை" என்று எழுதினேன்.